விழுந்து பிழைத்ததற்கு வீரப் பட்டயமா? விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த ஆண்டு விழாவில் 'வீர இளைஞர்' பட்டயமும் பொற்கிழியும் யாருக்கு என்று உங்கள் அழைப்பிதழில் பார்த்தேன். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கம் வேலியைத் தாண்டிப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து, இரண்டு ராத்திரி கீழே கிடந்து, உயிரோடு மீண்ட அந்தத் தம்பிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் சங்கத்தின் பெயரையோ அந்தத் தம்பியின் பெயரையோ இதில் எழுதப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியூருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கும் எக்கோ பாயிண்ட்டுக்கும் ஆட்களைக் கூட்டிப் போவது என் தொழில். அப்பாவுக்கும் அதுதான் தொழில். காட்டில் யாராவது காணாமல் போனாலோ, விளிம்பில் தவறினாலோ, தீயணைப்பு நிலையத்திலிருந்தும் வனத்துறையிலிருந்தும் எங்களைப் போன்றவர்களுக்குப் போன் வரும். எங்களுக்கு வழி தெரியும், கயிறு பிடிக்கத் தெரியும். அந்தத் தம்பி விழுந்த மார்கழியிலும் போன் வந்தது. யாரோ சொல்லக் கேட்டு எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தத் தம்பி மீது எனக்குக் கோபம் இல்லை. கீழே கிடந்த நேரத்தில் அவர் செய்தது லேசான காரியமும் இல்லை. விழுந்து தங்கிய பாறைத் திட்டு ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவுதான். கணுக்கால் முறிந்திருந்தது. ஒடிந்து கிடந்த குச்சியை வைத்து பெல்ட்டால் கட்டிக்கொண்டார். பாறையில் கசிந்த தண்ணீரைக் கைக்குட்டையில் ஊறவிட்டுப் பிழிந்து குடித்திருக்கிறார். கண் அசந்தால் உருண்டுவிடுவோம் என்று சட்டையை முறுக்கி, ஒரு செடியின் அடிவேரோடு இடுப்பைக் கட்டிப்போட்டிருந்தார். 7,000 அடி உயரத்தில் மார்கழி ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விடியும்போது புல்லெல்லாம் உறைபனி. உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் நடுக்கம், பிறகு நாக்கு குழறும், அப்புறம் புத்தி தடுமாறும். குளிரில் சாகிற சிலர் கடைசி நேரத்தில் சூடாக இருப்பதாக நினைத்துப் போட்டிருக்கும் துணியையே கழற்றி எறிந்துவிடுவதுண்டு. அந்த இடத்தில் புத்தியைக் கைவிடாமல் இருந்தது பெரிய விஷயம்தான். அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவர் அங்கே போனது எப்படி? வேலி இருந்தது. வனத்துறைப் பலகை இருந்தது. பலகையைப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது, அதன் பக்கத்தில் நின்று எடுத்த படம் அவர் போனிலேயே இருக்கிறது. எங்கள் ஆள் ஒருவர் குரல் கொடுத்துத் தடுத்திருக்கிறார். "ரெண்டே நிமிஷம்ணே, ஒரு ரீல்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. ஈரம் காயாத பாறையில் பாசி எப்படி வழுக்கும் என்று இங்கே பிறந்த குழந்தைக்குத் தெரியும். போட்டிருந்ததோ அடி தேய்ந்த ஷூ.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாயங்காலம் அவர் விழுந்ததும், கூட வந்த நண்பர்கள் யாரிடமும் சொல்லவில்லை. காட்டுக்குள் நுழைந்ததற்கு வனத்துறை வழக்குப் போட்டுவிடுமோ என்று பயம். போன் வெளிச்சத்தில் அவர்களாகவே தேடியிருக்கிறார்கள். இன்னொருவரும் விழாமல் போனது அவர்கள் நல்ல நேரம். மறுநாள் மதியம்தான் நிலையத்துக்கு வந்து அழுதார்கள். முதல் ராத்திரி முழுக்க வீண்.

நாங்கள் போய்ச் சேரும்போது மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் நிற்கிறவர் முகம் தெரியாது. தீயணைப்பு வீரர்கள், இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்கள், எங்கள் ஊர் ஆட்கள், தேன் எடுக்கப் போகிற பளியர் பழங்குடிப் பெரியவர் ஒருவர். அவரைத்தான் முன்னால் விட்டோம். மரக்கிளை எங்கே ஒடிந்திருக்கிறது, பாசி எங்கே சிராய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போனவர், ஒரு இடத்தில் நின்று, "இங்கருந்துதான்" என்றார். கீழே வெறும் வெள்ளை. கூப்பிட்டால் எங்கள் குரலே திரும்பி வந்தது. இருட்டின பிறகு கயிற்றில் ஆளை இறக்குவது கொலைக்குச் சமம். அந்த ராத்திரியை விளிம்பில் தீ மூட்டி உட்கார்ந்தே கழித்தோம். பளியர் பெரியவர் பேசவே இல்லை. பன்னும் கடுங்காப்பியும் கொண்டுவந்த பையன் மட்டும் "உயிரோட இருப்பாரா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

விடிகாலையில் வெள்ளகவிப் பாதையில் குதிரைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே வந்தவர், எதிர்ப் பாறையில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மின்னியதைப் பார்த்திருக்கிறார். குதிரையை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். போனில் கடைசியாக மிச்சமிருந்த சார்ஜில் தம்பி விளக்கைப் போட்டு அணைத்திருக்கிறார். அந்தக் குதிரைக்காரர் பார்க்கவில்லை என்றால், பார்த்தும் ஏதோ வெளிச்சம் என்று போயிருந்தால், நீங்கள் அழைப்பிதழ் அச்சடித்திருக்க மாட்டீர்கள். அந்த அழைப்பிதழில் அவர் பெயரைத் தேடினேன். இல்லை.

கயிறு இறக்குவது பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்த விளிம்பில் நிற்பதெல்லாம் சீகை மரம். வேர் ஆழமாக இறங்காது, பாரம் தாங்காது. கொஞ்சம் உள்ளே தள்ளிச் சோலைக்குள் போய் ஒரு கெட்டியான மரத்தில் கட்டினோம். அதனால் கயிறு நீளம் போதவில்லை, இரண்டை முடிந்தோம். பாறை விளிம்பு கயிற்றை அறுக்காமல் இருக்கச் சாக்கை மடித்து அடியில் கொடுத்தோம். ஒரு தீயணைப்பு வீரரும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனும் இறங்கினார்கள். பையனுக்கு வயது இருபதுதான் இருக்கும், என் மச்சான் மகன். மேலே கயிற்றை அவன் தாய்மாமன் பிடித்தார். தேன் எடுக்க இறங்குகிறவனுக்கு நெருங்கிய முறைக்காரன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது மலையில் பழைய வழக்கம். கை தளர்ந்தால் தன் வீட்டில்தான் இழவு என்று தெரிந்தவன் பிடியை விடமாட்டான்.

தம்பியை ஸ்ட்ரெச்சரில் கட்டி மேலே இழுக்கும்போது ஒரு கல் பெயர்ந்தது. அது பையன் தோளில் விழுந்தது. கத்தினால் கயிறு பிடித்தவர்கள் பதறுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பி மேலே போய்ச் சேரும்வரை அந்தத் திட்டிலேயே நின்றான். தோள் மூட்டு விலகியிருந்தது என்று பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அவன் பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டில் கூலி வேலை செய்கிறவன். அந்த சீசன் முழுக்க அவனால் மண்வெட்டி தூக்க முடியவில்லை. அவன் அரசு ஊழியன் இல்லை, அதனால் பணிக்கால விபத்து என்று எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. மருத்துவச் செலவை நாங்கள் சிலர் பகிர்ந்துகொண்டோம். தம்பியின் அப்பா கீழே இருந்து வந்து கயிறு பிடித்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு, பையனுக்கு ஒரு தொகையும் கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதில் அந்தக் குடும்பத்துக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் விழாக் குழுவுக்குத்தான்.

நம் நாட்டில் வீரத்துக்குப் பதக்கம் கொடுக்கிற வழக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1957இல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் நேரு உட்கார்ந்திருந்த விழாவில் பந்தல் தீப்பிடித்தது. 14 வயதுச் சிறுவன் ஒருவன் கத்தியை எடுத்துப் பந்தல் துணியைக் கிழித்து ஆட்கள் வெளியேற வழி செய்தான். குழந்தைகளுக்கான தேசிய வீர விருது அதிலிருந்துதான் தொடங்கியது. 1961இல் தொடங்கிய ஜீவன் ரக்ஷா பதக்கம் நீரில் மூழ்குகிறவரையோ, தீயில் சிக்கியவரையோ, நிலச்சரிவில் மாட்டியவரையோ காப்பாற்றியவருக்கு. போலீஸ்காரரும் தீயணைப்பு வீரரும்கூடத் தங்கள் கடமைக்கு வெளியே செய்ததற்குத்தான் அதைப் பெற முடியும். ஒவ்வொரு குடியரசு நாளன்றும் நம் முதலமைச்சர் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் கொடுக்கிறார். அதை வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அடுத்தவர் உயிருக்காகத் தண்ணீரிலோ நெருப்பிலோ இறங்கியவர்கள்தான்.

இவ்வளவு தூரம் போவானேன், நம் ஊர்க் கதையே இருக்கிறதே. 2006இல் கொச்சிப் பக்கமிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் குணா குகைப் பிளவுக்குள் விழுந்தார். கூட வந்த நண்பர் கயிற்றில் இறங்கி அவரைத் தூக்கி வந்தார். ஜீவன் ரக்ஷா பதக்கம் இறங்கியவருக்குக் கிடைத்தது. விழுந்தவரும் அந்தக் குழிக்குள் கொடுமையை அனுபவித்தவர்தான், அவரும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் பதக்கம் யாருக்கு என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகம் வரவில்லை, அந்த நண்பர்களுக்கும் வரவில்லை. அந்தக் கதை 2024இல் சினிமாவாக வந்தபோது கைதட்டியவர்களில் உங்கள் குழுவினரும் உண்டு என்று எனக்குத் தெரியும். படம் முடிந்து வெளியே வந்ததும் கதையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டீர்களோ என்னவோ.

இன்னும் பழைய வழக்கம் வேண்டுமென்றாலும் மலையிலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். வைகைக் கரையில் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டியது, கூடலூர் ஆகோளில் விழுந்த ஒருவனுக்காக நட்டது. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் செத்தவனுக்குக் கல். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல்லில் நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோவிவன் என்று அதற்குப் பெயர். கள்ளர்களைக் கடித்துவிட்டு எசமானின் பக்கத்திலேயே நின்றதாம். ஒரு நாய்க்குக்கூட எதற்குக் கல் நடுவது என்று நம் முன்னோர் யோசித்துத்தான் நட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதே விளிம்பில் சில ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொரு பையன் விழுந்தான். அவனும் படமெடுக்கப் போனவன்தான். அவனைத் தூக்கி வந்த கூட்டத்திலும் நான் இருந்தேன். விழுந்த உடனே போகவில்லை, ஒரு ராத்திரியாவது உயிரோடு இருந்திருப்பான் என்று மருத்துவர் சொன்னார். அவனும் கையூன்றி நகர்ந்திருக்கிறான், மண்ணில் தடம் இருந்தது. அவன் அம்மா ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதிக்கு வருகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சூடம் கொளுத்திவிட்டுப் போவார். உங்கள் அழைப்பிதழ் அவர் கண்ணில் பட்டால் என்ன கேட்பார்? "என் புள்ளைக்கு வீரம் இல்லையா?" என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? அவனும் போராடினான், இவரும் போராடினார். அவன் விழுந்த இடத்தில் திட்டு சரிவாக இருந்தது, இவர் விழுந்த இடத்தில் சமமாக இருந்தது. இவரைக் குதிரைக்காரர் பார்த்தார், அவனை யாரும் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். பட்டயத்தை எதற்குக் கொடுக்கிறீர்கள், திட்டு சமமாக இருந்ததற்கா?

உங்கள் குழுவில் ஒருவரிடம் நேரில் பேசினேன். "மனம் தளராம இருந்தாரு, இளைஞர்களுக்கு அது ஒரு பாடம்" என்றார். அமெரிக்காவில் கையை அறுத்துக்கொண்டு தப்பித்தவரை உலகமே கொண்டாடவில்லையா என்றும் கேட்டார். நல்ல கேள்வி. ஆரோன் ரால்ஸ்டன் 2003இல் யூட்டா மாநிலத்துப் பாறை இடுக்கில் தனியாக இறங்கினார், ஒரு பெரும் பாறை உருண்டு வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. 127 மணி நேரம். கடைசியில் மழுங்கின கத்தியால் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். கேட்கிறவர் ரோமம் சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் மலை ஏறுகிறவர்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது கத்தியோடு நிறுத்திக்கொள்வதில்லை. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் அவர் கிளம்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். புதிதாக வருகிறவனுக்கு முதலில் காதில் போடுவது அதைத்தான். நீங்கள் மேடையில் வாசிக்கப்போகும் பாராட்டுரையில் வேலி இருக்குமா? பலகை இருக்குமா? சொல்லாமல் மறைத்த அந்த ஒரு ராத்திரி இருக்குமா? அச்சடித்த குறிப்பைப் பார்த்தேன். "எதிர்பாராத விபத்தில் சிக்கி" என்று இருக்கிறது. நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்த விபத்து அது.

பாடம் என்று சொன்னீர்கள் அல்லவா, இளைஞர்கள் எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று பாலக்காட்டில் பார்த்தோம். 2022 பிப்ரவரியில் மலம்புழாப் பக்கத்து மலையில் ஒரு இளைஞர் ஏறப்போய், இறங்கும்போது தவறி, செங்குத்துப் பாறையின் இடுக்கில் மாட்டிக்கொண்டார். சோறு தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவ வீரர்கள் போய்த்தான் அவரை மேலே ஏற்றினார்கள். டி.வி. முழுக்க அவர்தான். அடுத்த சில நாட்களிலேயே ராத்திரி அதே மலையில் வெளிச்சம் தெரிந்தது. இன்னொருவர் ஏறியிருந்தார். மறுபடி வனத்துறை ஆட்கள் இருட்டில் தேடிக்கொண்டு போனார்கள். முதலில் வழக்கு வேண்டாம் என்றிருந்த அரசு, அதற்கு அப்புறம்தான் முதலாமவர் மீதும் வழக்குப் போட்டது. வெறும் டி.வி. செய்திக்கே இந்த நிலைமை. நீங்கள் பட்டயம், பொற்கிழி, சால்வை, மேளம் எல்லாம் சேர்த்துக் கொடுக்கப்போகிறீர்கள். அடுத்து வேலி தாண்டுகிறவனைத் தேடி எங்கள் வீட்டுப் பையன்கள்தான் இறங்க வேண்டும்.

இதற்காக அந்தத் தம்பியைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்பதாக நினைக்காதீர்கள். மீட்புச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று டீக்கடையில் சிலர் பேசுகிறார்கள். அது நடந்தால் அடுத்த முறை நண்பர்கள் ஒரு ராத்திரி இல்லை, இரண்டு ராத்திரி மறைப்பார்கள். விழுந்தவன் யாராக இருந்தாலும், எந்தத் தவறு செய்து விழுந்திருந்தாலும், நாங்கள் இறங்குவோம். காரணம் கேட்டுவிட்டுக் கயிறு கட்டுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் செத்தார்களே, அனுமதி இருந்ததா இல்லையா என்ற விவாதமெல்லாம் பிறகு நடந்தது. புகையைப் பார்த்ததும் மேலே ஓடிய ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளர்களும் எந்தச் சீட்டையும் கேட்கவில்லை. தவறு செய்தவரைக் காப்பாற்றுவது வேறு, அதற்காக அவரை மேடை ஏற்றுவது வேறு.

சீசனுக்கு ஆள் வர வேண்டும், பேப்பரில் ஊர் பெயர் வர வேண்டும் என்ற கணக்கும் உங்கள் முடிவில் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும், எனக்கும் ஆள் வந்தால்தான் அடுப்பு எரியும். ஆனால் அந்த ஃபிளெக்ஸில் நீங்கள் போட்டிருக்கும் படம் எது என்று பார்த்தீர்களா? அவர் விழுவதற்குச் சற்று முன்னால், வேலிக்கு அந்தப் பக்கம், விளிம்பில் இரண்டு கையையும் விரித்து நின்ற படம். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற ஒவ்வொரு பையனும் முதலில் பார்ப்பது அதைத்தான். போன வாரம் ஒரு கூட்டம் என்னிடம் வந்து, "அந்த போஸ்டர்ல இருக்கிற ஸ்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே, எவ்வளவு வேணும்" என்று கேட்டது.

வீரத்தைக் கொண்டாட ஆள் தேடுகிறீர்கள் என்றால் வெள்ளகவிக்குப் போய்ப் பாருங்கள். ரோடு இல்லாமலே தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர். பிரசவ வலி வந்தவளை, பாம்பு கடித்தவனை, நெஞ்சு வலிக்காரரை டோலி கட்டித் தோளில் சுமந்து, வழுக்குப் பாதையில் மாறி மாறித் தோள் கொடுத்து மேலே வட்டக்கானலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மழையிலும் ராத்திரியிலும் வந்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் யானை வரும், காட்டுமாடு வரும். டோலி தூக்கிய ஒருவரையாவது உங்கள் மேடையில் இதுவரை பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவர்கள் யாரும் வீடியோ எடுக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

'வீர இளைஞர்' பட்டயத்தை அந்தத் தம்பிக்குக் கொடுக்கும் முடிவைக் குழு கூடி ரத்து செய்யுங்கள். அவர் மனம் நோகும் என்றால் நான் கூட வந்து பேசுகிறேன். அவர் விரும்பினால் விழாவுக்கு வரட்டும், வந்து நடந்ததை நடந்தபடி பேசட்டும். வேலி, பலகை, நண்பர்கள் மறைத்த ராத்திரி எல்லாவற்றையும். அவர் வாயால் சொன்னால் நாலு பையன்கள் கேட்பார்கள். விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். கால் ஆறட்டும்.

அந்தப் பொற்கிழியைத் தோள் விலகிய பையனின் சிகிச்சைக்கும் அவன் இழந்த கூலிக்கும் கொடுங்கள். மிச்சத்தில் நீளமான நல்ல கயிறு, இடுப்புப் பட்டை, ஹெல்மெட், மடக்கும் ஸ்ட்ரெச்சர் வாங்கி வட்டக்கானலில் வையுங்கள். அன்றைக்கு இரண்டு கயிறை முடிந்து ஆளை இறக்கினோம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த முடிச்சு அவிழ்ந்திருந்தால் இரண்டு பேர் போயிருப்பார்கள். இன்னொரு தடவை அப்படி இறக்க எங்களால் முடியாது.

பட்டயம் யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இறங்கிய அந்தத் தீயணைப்பு வீரருக்கும் பையனுக்கும் கொடுங்கள். கயிறு பிடித்தவர்கள், பளியர் பெரியவர், வெள்ளகவிக் குதிரைக்காரர், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஆகியோரை மேடைக்குக் கூப்பிட்டுப் பெயர் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலை நான் தருகிறேன். பையனின் பெயரை அண்ணா பதக்கத்துக்கும் ஜீவன் ரக்ஷா பதக்கத்துக்கும் பரிந்துரைக்கும்படி உங்கள் சங்கத்தின் தலைப்புத்தாளில் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். சாட்சிக் கையெழுத்து எத்தனை வேண்டுமோ அத்தனை எங்கள் ஊரில் கிடைக்கும்.

பஸ் ஸ்டாண்டிலும் ஏரிக்கரையிலும் கட்டியிருக்கும் அந்த ஃபிளெக்ஸை நாளைக்கே இறக்குங்கள். இதற்குக் குழு கூடவேண்டிய அவசியம்கூட இல்லை, ஒரு போன் போதும்.

வெள்ளகவியில் டோலி சுமந்தவர்களை இந்த ஆண்டு முடியாவிட்டாலும் அடுத்த ஆண்டு கௌரவிப்பதாக விழா மேடையிலேயே அறிவியுங்கள்.

விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. என்ன முடிவு எடுத்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன பையனும் அவன் தாய்மாமனும் உங்களைச் சந்திக்கத் தயாராக இருக்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொன்னால் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வட்டக்கானல் வழிகாட்டி ஒருவன்